ஏ.டி. டயர்: தேர்வு முதல் பேலன்சிங் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

என் மஹிந்திரா தார் ஜீப்புக்கு முதல்முறை ஏ.டி. (ஆல் டெரெய்ன், அதாவது எல்லாத் தரைக்குமான) டயர் மாற்றும்போது, எந்த டயர் என்று முடிவு செய்யவே நான்கு மாதம் எடுத்துக்கொண்டேன். மாட்டுகிற நாளில் சாவியைக் கடையில் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன். மறுநாள் சேலம்–கோவை நெடுஞ்சாலையில் 85-ஐத் தாண்டியதும் ஸ்டியரிங் உதற ஆரம்பித்தது. வேறொரு கடையில் வீலைக் கழற்றிப் பார்த்தபோது காரணம் கண்ணெதிரே இருந்தது. ரிம்மின் உள்பக்கம் காய்ந்து ஒட்டியிருந்த செம்மண்ணைத் துடைக்காமல், அந்த மண்மேலேயே பேலன்சிங் எடையை, அதாவது வீல் உதறாமல் சுற்றுவதற்காக ரிம்மில் ஒட்டும் சிறு எடைத் துண்டை, ஒட்டியிருந்தார்கள். ஒரு வீலில் எடை மண்ணோடு பெயர்ந்து விழுந்துவிட்டிருந்தது. டயரில் ஒரு குறையும் இல்லை.

அன்றிலிருந்து யார் கேட்டாலும் இதைத்தான் சொல்கிறேன்: டயர் தேர்வுக்குக் கொடுக்கும் கவனத்தில் பாதியையாவது அதை மாட்டும் அந்த ஒரு மணி நேரத்துக்குக் கொடுங்கள். ஆகவே இந்த வழிகாட்டியில் பிராண்டைவிட பேலன்சிங் மெஷினைப் பற்றித்தான் அதிகம் இருக்கும்.

முதலில் உங்கள் ஓட்டத்தைக் கணக்கெடுங்கள்

எச்.டி. (ஹைவே டெரெய்ன்) என்பது தார்ச்சாலைக்கான டயர். எம்.டி. (மட் டெரெய்ன்) என்பது சேற்றுக்கானது, பட்டன் (டயரின் மேல்பரப்பில் துருத்தி நிற்கும் ரப்பர் கட்டி) பெரிது, இடைவெளி அகலம், சத்தமும் அதிகம். ஏ.டி. இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஆனால் ஏ.டி.க்குள்ளேயே பல தரம் உண்டு. சில ஏ.டி. டயர்கள் எச்.டி.யின் அண்ணன் மாதிரி இருக்கும்; சில எம்.டி.யின் தம்பி மாதிரி இருக்கும். இரண்டையும் ஒரே பெயரில்தான் விற்கிறார்கள். அதனால் பெயரைப் பார்க்காமல் பட்டனைப் பாருங்கள்.

ஒரு மாதம் நீங்கள் போகும் தூரத்தை எழுதி வையுங்கள். பத்தில் எட்டு, ஒன்பது கிலோமீட்டர் தார்ச்சாலை என்றால், நடுவரிசைப் பட்டன்கள் நெருக்கமாகவும் அவற்றின் மேல் மெல்லிய கீறல்கள் நிறையவும் இருக்கும் சாதுவான ஏ.டி. போதும். மழையில் நனைந்த சாலையைப் பிடிப்பது அந்தக் கீறல்கள்தான். நம் ஊரில் உயிரைக் காப்பாற்றுவது ஈரச் சாலையில் கிடைக்கும் பிடிமானம். வாரம் இரண்டு முறை தோட்டத்துக்குக் கல் பாதையில் போகிறவர்களும், கடம்பூர் மலை மாதிரி இடங்களுக்கு அடிக்கடி ஏறுகிறவர்களும், ஓரப் பட்டன்கள் பக்கச்சுவர்வரை இறங்கி வரும் முரட்டு ஏ.டி.யை எடுக்கலாம். கூர்மையான கல் பெரும்பாலும் கிழிப்பது பக்கச்சுவரைத்தான்.

மண்ணையும் கணக்கில் சேருங்கள். செம்மண், சரளை, தூத்துக்குடிப் பக்கத்துத் தேரி மணல் எல்லாம் ஏ.டி.க்கு ஒத்துவரும். கோவில்பட்டி வட்டாரத்துக் கரிசல் அப்படியல்ல. மழை பெய்த கரிசலில் எந்த ஏ.டி. டயரின் இடைவெளியும் பத்தடிக்குள் அடைத்துக்கொண்டு மொட்டை டயர் போல் ஆகிவிடும். கரிசலில்தான் உங்கள் நிலம் என்றால், மழை நாளில் வண்டியை மேட்டிலேயே நிறுத்திவிட்டு நடந்து போங்கள், அதற்காக எம்.டி. வாங்கி, வருஷம் முழுக்க நெடுஞ்சாலையில் அந்த இரைச்சலைக் கேட்க வேண்டாம்.

பக்கச்சுவரில் மூன்று சிகர மலையும் பனிப்பூவும் பொறித்திருந்தால் அது பனிப் பிரதேசத் தகுதி. ஸ்பிதி, லடாக் எனக் குளிர்காலத்தில் போகிறவர்களுக்கு அது வேண்டும். மற்றவர்கள் அதற்காகக் கூடுதல் பணம் தர வேண்டியதில்லை.

அளவு: கால்குலேட்டரை எடுங்கள்

2020-இல் வந்த தாரின் எல்.எக்ஸ். வகையில் 255/65 ஆர்18 டயர். 255 என்பது மில்லிமீட்டரில் அகலம். 65 என்பது அந்த அகலத்தில் பக்கச்சுவர் எத்தனை சதவீதம் என்பது. 18 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். மொத்த உயரம் வேண்டுமென்றால் பக்கச்சுவரை இரண்டால் பெருக்கி ரிம்மைக் கூட்டுங்கள்: 255 × 0.65 × 2 = 331.5 மி.மீ. அதோடு 18 × 25.4 = 457.2. ஆக 788.7 மி.மீ.

இதே வண்டிக்கு 17 அங்குல ரிம்மும் 265/70 ஆர்17 டயரும் போட்டால் 802.8 மி.மீ. வருகிறது, 1.8 சதவீதம் கூடுதல். ஜிம்னியின் 195/80 ஆர்15-ஐ 215/75 ஆர்15 ஆக்கினால் 693-இலிருந்து 703.5, அதாவது 1.5 சதவீதம். பொலிரோவின் 215/75 ஆர்15-ஐ 235/75 ஆக்கினால் 4.3 சதவீதம் எகிறிவிடும். மீட்டர் 100 காட்டும்போது வண்டி 104-இல் போய்க்கொண்டிருக்கும். ஓடோமீட்டரும் குறைத்தே காட்டும். என் எல்லை 3 சதவீதம். அதைத் தாண்டினால் ஸ்டியரிங்கை முழுசாகத் திருப்பும்போது டயர் மட்கார்டிலோ சேஸிஸிலோ உரசுகிறதா, கியர் இழுவை மந்தமாகிறதா, பிரேக் தூரம் நீள்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கவலைப்பட வேண்டிவரும்.

இன்னொன்று. பெரிய டயர் போட்டால் வண்டி உயரும் என்பது உண்மை, ஆனால் விட்டத்தில் கூடியதில் பாதிதான் உயரும். அந்த ஜிம்னிக்குக் கிடைப்பது வெறும் 5 மி.மீ. உயரத்துக்காக மட்டும் அளவை மாற்றாதீர்கள். கல் பாதையில் உண்மையாக உதவுவது ரிம் சிறிதாகி பக்கச்சுவர் உயரமாவதுதான். 18-லிருந்து 17-க்கு இறங்கினால் பக்கச்சுவர் 166-இலிருந்து 185 மி.மீ. ஆகிறது. பள்ளத்தில் விழும்போது ரிம் வளையாமல் காப்பது அந்த இரண்டு சென்டிமீட்டர்.

டயர் உடம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி அகலம் கூட்டாதீர்கள். போலீஸ் கேட்பது, இன்சூரன்ஸில் கேள்வி வருவது ஒருபுறம். பின்னால் வருகிறவர் கண்ணாடியில் கல்லை அடிப்பது மறுபுறம்.

அளவுக்குப் பக்கத்தில் 111டி என்கிற மாதிரி ஓர் எண்ணும் எழுத்தும் இருக்கும். 111 என்றால் ஒரு டயர் 1,090 கிலோ சுமக்கும். 104 என்றால் 900 கிலோ. எழுத்து வேகம்: கியூ 160, எஸ் 180, டி 190, எச் 210 கி.மீ. கம்பெனி கொடுத்த டயரின் சுமை எண்ணைவிடக் குறைந்ததை எக்காரணம் கொண்டும் போடாதீர்கள்.

எல்.டி. டயர் வேண்டுமா?

அளவுக்கு முன்னால் எல்.டி. என்று இருந்தால் அது லைட் டிரக் டயர். உள்ளே அடுக்குகள் கூடுதல், பக்கச்சுவர் தடிப்பு, எடையும் சில கிலோ கூடுதல். நல்ல டயர்தான், ஆனால் பலர் தெரியாமல் வாங்கிவிடுகிறார்கள். சாதாரண டயர் 35, 36 பி.எஸ்.ஐ.யில் தன் முழுச் சுமையைத் தாங்கும். லோட் ரேஞ்ச் ஈ என்று போட்ட எல்.டி. டயருக்கு அதன் முழுச் சுமைக்கு 80 பி.எஸ்.ஐ. வேண்டும். அவ்வளவு நமக்குத் தேவைப்படாது. ஆனால் கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அழுத்தம் எல்.டி. டயருக்குப் போதாது. டயர் கம்பெனியின் சுமை–அழுத்த அட்டவணையைப் பார்த்துச் சில பி.எஸ்.ஐ. கூட்ட வேண்டும். கூட்டினால் காலி வண்டி சாலையில் கல்லு மாதிரி குதிக்கும். வீட்டுக்காரர்களும் குழந்தைகளும் போகிற வண்டிக்குச் சாதாரணக் கட்டமைப்புள்ள ஏ.டி.யே நல்லது என்பது என் கருத்து. பிக்கப்பில் சுமை ஏற்றுகிறவர்களும், நாள் முழுக்கக் கல்லிலேயே ஓட்டுகிறவர்களும் எல்.டி. எடுக்கலாம்.

கடையில் பணம் கொடுக்கும் முன்

சியட் சீஸார், அப்பல்லோ ஆப்டெரா ஏ.டி.2, எம்.ஆர்.எஃப். வாண்டரர், ஜே.கே. ரேஞ்சர், யோகோஹாமா ஜியோலாண்டர், பி.எஃப். குட்ரிச் என்று தேர்வு நிறைய இருக்கிறது. மேலே சொன்ன கணக்கில் இரண்டு மூன்று தேறிய பிறகு, உங்கள் ஊரிலேயே மாற்று டயர் கிடைக்கும் பிராண்டை எடுங்கள். பயணத்தில் ஒரு டயர் கிழிந்தால் அதன் ஜோடி கிடைக்க இரண்டு வாரம் காத்திருப்பது கொடுமை.

டயரைக் கையில் வாங்கித் தேதியைப் பாருங்கள். பக்கச்சுவரில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள்: 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம். ஆறு மாதத்துக்குள் இருந்தால் மகிழ்ச்சி. ஒரு வருஷத்தைத் தாண்டியிருந்தால் வேறு கேளுங்கள். எல்லா டயரிலும் பாருங்கள், மேலே இருக்கும் ஒன்றில் மட்டுமல்ல. ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்க வேண்டும்.

எத்தனை வாங்குவது? ஃபோர் வீல் டிரைவ் வண்டி என்றால் ஐந்தும். நான்கு வீலையும் ஒன்றாகப் பூட்டி ஓட்டும்போது முன்னும் பின்னும் வெவ்வேறு உயர டயர்கள் இருந்தால், அந்த வித்தியாசம் முழுவதும், முன்பின் அச்சுகளுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் மேல் முறுக்காக ஏறும். ஸ்டெப்னியும் அதே டயராக இருந்தால்தான் காட்டுக்குள் பஞ்சரானாலும் கவலையில்லாமல் திரும்பலாம்.

மாட்டும் வேலை

வண்டியைக் கடைக்குக் கொண்டுபோகும் முன் வீல்களின் உள்பக்கத்தை நன்றாகக் கழுவுங்கள். பழைய டயர் கழன்றதும் ரிம்மில் இருக்கும் பழைய எடைகள், பசை, துரு எல்லாவற்றையும் சுரண்டச் சொல்லுங்கள். வால்வும் புதிதாக மாற்ற வேண்டும். சில நூறு ரூபாய்க்குப் பார்த்துப் பழைய ரப்பர் வால்வை விட்டுவைக்காதீர்கள்.

புது டயரின் பக்கச்சுவரில் மஞ்சள் புள்ளியோ சிவப்புப் புள்ளியோ இருக்கும். மஞ்சள் புள்ளி டயரின் எடை குறைந்த இடம். ரிம்மில் வால்வு இருக்கும் இடம் கொஞ்சம் கனம் என்பதால் இரண்டையும் நேர் வைத்து மாட்டினால் பேலன்சிங் எடை குறையும். சிவப்புப் புள்ளி டயர் லேசாக உப்பிய இடம். ரிம்மில் தாழ்ந்த இடத்துக்குக் குறியிருந்தால், சிவப்பை அதற்கு நேர் வைக்க வேண்டும். இரண்டு புள்ளியும் இருந்து ரிம்மில் குறியும் இருந்தால் சிவப்புக்கே முதலிடம்.

ரிம்மில் உட்காரும் டயர் ஓரத்தில் தடவுவது டயர் மாட்டும் பசையாகவோ சோப்புக் கரைசலாகவோ இருக்கட்டும். கிரீஸ், ஆயில் கூடாது. காற்றடிக்கும்போது ஓரம் "டப்" என்று இரண்டு முறை சத்தமிட்டு ரிம்மில் உட்காரும். 40 பி.எஸ்.ஐ. வரை உட்காரவில்லையென்றால் காற்றை இறக்கி, பசை தடவி மீண்டும் முயல வேண்டும். மேலே மேலே அடிக்கக் கூடாது. பெட்ரோல் ஊற்றித் தீ வைத்து உட்காரவைக்கும் வித்தை எங்காவது நடந்தால் டயரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

டயர் உட்கார்ந்ததும், ரிம் விளிம்பை ஒட்டி டயரில் ஒரு மெல்லிய வரி சுற்றி ஓடும். அந்த வரிக்கும் ரிம்முக்கும் இடையே உள்ள இடைவெளி சுற்றிலும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். ஓரிடத்தில் வரி உள்ளே போயிருந்தால் டயர் கோணலாக உட்கார்ந்திருக்கிறது. அதை எத்தனை கிராம் ஒட்டியும் சரிசெய்ய முடியாது.

பேலன்சிங்: இங்கேதான் பக்கத்தில் நிற்க வேண்டும்

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்று ஒரு கணக்கில் பார்ப்போம். 18 அங்குல ரிம்மின் விளிம்பில் 50 கிராம் குறைகிறது என்று வையுங்கள். 100 கி.மீ. வேகத்தில் தாரின் வீல் நொடிக்குச் சுமார் 11 முறை சுற்றுகிறது. அப்போது அந்த 50 கிராமின் இழுப்பு ஐந்தரைக் கிலோவுக்கும் மேல். ஒவ்வொரு சுற்றிலும் வீலை ஒரு பக்கம் இழுத்து, மறு பக்கம் இழுத்து, நொடிக்கு 11 தடவை. 50 கி.மீ. வேகத்தில் இதில் கால்பங்குதான். அதனால்தான் ஊருக்குள் ஓட்டிப் பார்த்தால் ஒன்றும் தெரிவதில்லை. ஏ.டி. டயரில் ரப்பர் கனம், பட்டன் பெரிது, எனவே இந்தப் பிசகும் பெரிதாகவே இருக்கும்.

சமன் தவறுவதில் இரண்டு விதம் உண்டு. ஒன்று, சுற்றளவில் ஓரிடம் கனம். வீல் மேலும் கீழும் குதிக்கும். இன்னொன்று, உள்பக்க விளிம்பும் வெளிப்பக்க விளிம்பும் எதிரெதிர் இடங்களில் கனம். வீல் பக்கவாட்டில் உதறும். அகலமான டயருக்கு இரண்டையும் பார்க்கும் டைனமிக் முறைதான் வேண்டும். உள்ளே ஒரு வரிசை மட்டும் எடை ஒட்டி முடித்தால் அது அரை வேலை.

நீங்கள் பார்க்க வேண்டியவை இவை. வீலை மெஷினின் தண்டில் ஏற்றும்போது கூம்பு ரிம்மின் நடு ஓட்டைக்குள் சரியாக அமர்கிறதா? பெரும்பாலான அலாய் ரிம்களுக்குக் கூம்பை உள்பக்கமிருந்து வைப்பதே சரி; அச்சில் வீல் உட்காரும் முகம் அதுதான். அப்புறம் மெஷினில் மூன்று அளவு கொடுக்க வேண்டும்: மெஷினிலிருந்து ரிம்முக்குள்ள தூரம், ரிம் விட்டம், ரிம் அகலம். முந்தைய வண்டியின் அளவிலேயே உங்கள் வீலைச் சுற்றிவிடும் அவசரம் பல கடைகளில் உண்டு. பணிவாகக் கேளுங்கள்: "அண்ணே, ரிம் அகலம் அளந்து போட்டுட்டீங்களா?" நல்ல வேலைக்காரர் இதற்குக் கோபப்பட மாட்டார்.

முதல் சுற்றில் திரையில் இரண்டு எண் வரும், உள்ளேயும் வெளியேயும் ஒட்ட வேண்டிய எடை, கிராமில். என் வண்டியில் இரண்டாவது கடையில் வந்ததைச் சொல்கிறேன்: ஒரு பின்வீலுக்கு உள்ளே 85, வெளியே 60. எடையைக் கையில் எடுத்தவரைக் கொஞ்சம் நிறுத்தச் சொன்னேன். காற்றை இறக்கி, டயரை ரிம்மின் மேல் அரைச்சுற்றுத் திருப்பி, மறுபடி காற்றடித்துச் சுற்றினார். உள்ளே 40, வெளியே 25. டயரின் கனமும் ரிம்மின் கனமும் முதலில் ஒரே பக்கம் சேர்ந்திருந்தன, அவ்வளவுதான். பத்து நிமிட வேலை. ஒரு பக்கம் 100 கிராமைத் தாண்டினால் இதைக் கட்டாயம் செய்யச் சொல்லுங்கள். திருப்பியும் குறையவில்லையென்றால் அந்த டயரை மாற்றித் தரக் கேட்கலாம்.

வீல் சுற்றும்போது எண்ணை மட்டும் பார்க்காமல் டயரின் மேல்பரப்பையும் பாருங்கள். பட்டன்கள் ஒரே மட்டத்தில் ஓட வேண்டும். ஓரிடத்தில் மட்டும் எழும்பி இறங்கினால் டயரோ ரிம்மோ வட்டமாக இல்லை. மெஷின் பூஜ்யம் காட்டினாலும் சாலையில் அது உதறத்தான் செய்யும்.

எடை ஒட்டும் இடத்தை நன்றாகத் துடைத்துக் காயவிட்டு, பிறகே ஒட்ட வேண்டும். இரும்பு ரிம்முக்குக் கிளிப் எடை நல்லது. அலாய்க்கு ஸ்டிக்கர் எடை. ஒட்டிய பிறகு மறுபடி சுற்றினால் பூஜ்யம், பூஜ்யம் வரும். இங்கேதான் பலர் ஏமாறுகிறோம். பெரும்பாலான மெஷின்கள் சிறு மிச்சத்தைப் பூஜ்யமாகவே காட்டும். "ஃபைன்" பட்டனை அழுத்தினால்தான் உண்மையான மிச்சம் தெரியும். அடுத்து, வீலைத் தளர்த்தி, தண்டின் மேல் அரைச்சுற்றுத் திருப்பி இறுக்கி, இன்னொரு முறை சுற்றச் சொல்லுங்கள். மறுபடியும் பூஜ்யத்தை ஒட்டி வந்தால் வேலை சரி. 15, 20 என்று எண் முளைத்தால் வீல் நடுவில் உட்காரவில்லை, முதலில் செய்ததெல்லாம் தப்பான மையத்தை வைத்துச் செய்தது.

எடைகள் இருக்கும் இடத்தைச் சுற்றிப் பெயிண்ட் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வையுங்கள். வால்வுக்கு நேராக டயரிலும் ஒரு கோடு. எடை விழுந்ததும், டயர் ரிம்மில் நழுவியதும் பின்னால் இந்தக் கோடுகளைப் பார்த்தே தெரிந்துவிடும். ஸ்டெப்னியையும் பேலன்சிங் செய்யாமல் விடாதீர்கள்.

டயருக்குள் கொட்டும் பேலன்சிங் மணிகளைப் பற்றிக் கேட்கிறார்கள். பெரிய டிரக் டயர்களில் அவற்றைப் பயன்படுத்துகிறார்கள். நம் அளவுக்கு ஒழுங்காகச் செய்த மெஷின் பேலன்சிங் போதும். மணி வால்வில் சிக்கினால் காற்று கசியும்.

நட், காற்று, முதல் ஓட்டம்

நட்டை முதலில் கையால் ஏற்றி, எதிரெதிராக நட்சத்திர வரிசையில் இறுக்க வேண்டும். ஏர் கன்னால் ஒரே அடியாக இறுக்குவது கூடாது. கடைசி இறுக்கம், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில், வண்டியின் கையேட்டில் உள்ள அளவுக்கு. 50–100 கி.மீ. ஓடியதும் மறுபடி சரிபாருங்கள். புது அலாய் ரிம் என்றால் இது ரொம்ப முக்கியம்.

காற்று, டயர் குளிர்ந்திருக்கும் காலை நேரத்தில். அழுத்தம் பொருத்தமா என்று பார்க்க ஒரு சாக்பீஸ் போதும். டயரின் அகலத்துக்குக் குறுக்கே தடிமனாகக் கோடு போட்டு, நேரான தார்ச்சாலையில் சில நூறு மீட்டர் ஓட்டுங்கள். கோடு முழுக்க ஒன்றுபோல் அழிந்தால் சரி. நடுவில் மட்டும் அழிந்தால் காற்று அதிகம், ஓரங்களில் மட்டும் அழிந்தால் குறைவு.

முதல் நாள் பிரேக்கைக் கடுமையாக மிதிக்காதீர்கள். ஓரத்தில் தடவிய பசை காயும் முன் டயர் ரிம்மில் நழுவலாம், அதோடு பேலன்சிங்கும் போய்விடும். முதல் சில நூறு கிலோமீட்டர் மழையிலும் கவனம். புது ரப்பரின் வழுவழுப்பு தேய வேண்டும்.

அப்புறம் நல்ல நெடுஞ்சாலையில் 60, 80, 100 என்று ஏற்றிப் பாருங்கள். ஸ்டியரிங் உதறினால் முன்வீல். சீட்டும் தரையும் அதிர்ந்தால் பின்வீல். பிரேக் மிதிக்கும்போது மட்டும் உதறினால் டிஸ்க்கைப் பாருங்கள், டயரைக் குற்றம் சொல்லாதீர்கள். கியர் மாற்றினால் அதிர்வும் மாறுகிறது என்றால் அது இன்ஜின் பக்கம். வண்டி ஒரு பக்கம் இழுத்தால் அலைன்மென்ட்; அலைன்மென்ட் சரியாக இருந்தும் இழுத்தால் முன்வீல் இரண்டையும் இடம் மாற்றிப் பாருங்கள், இழுப்பு பக்கம் மாறினால் டயர்தான் காரணம்.

ஜிம்னி வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு சொல். முன்னாலும் ஒரே தண்டான அச்சு என்பதால் சிறு பிசகும் ஸ்டியரிங்குக்கு நேராக வந்துவிடும். மற்ற வண்டி பொறுத்துக்கொள்ளும் 10 கிராமை இது பொறுக்காது. ஃபைன் பட்டனை மறக்கவே கூடாது. பேலன்சிங் துல்லியமாக இருந்தும் உதறல் நிற்காவிட்டால் ஸ்டியரிங் டேம்பர், புஷ், பேரிங் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

சேற்றில் ஓட்டித் திரும்பிய மறுநாள் திடீரென்று உதறல் வந்தால் கடைக்கு ஓடும் முன் ரிம்மின் உள்பக்கம் கையை விடுங்கள். அரைக் கிலோ மண் ஒரே பக்கம் காய்ந்து கிடக்கும். தண்ணீரை நேராக எடையின் மேல் பீய்ச்சாமல் கழுவினால் அதுவே தீர்வு. கழுவியபின் மார்க்கர் கோடுகளுக்குள் எடைகள் இருக்கின்றனவா என்று ஒரு பார்வை.

8,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை ஐந்து டயரையும் சுழற்சியில் இடம் மாற்றுங்கள், அதோடு பேலன்சிங்கும். ஏ.டி. டயரின் பெரிய பட்டன்கள் ஒரு பக்கமாகவே தேய்ந்தால் பல்வரிசை மாதிரி ஆகி ஊளையிட ஆரம்பிக்கும். அந்தச் சத்தம் வந்துவிட்டால் பிறகு முழுசாகப் போகாது. இடையில் உள்ள தேய்மானக் காட்டி 1.6 மி.மீ. உயரத்தில் இருக்கும், அதுவரை ஓட்டச் சட்டம் விடும். நான் 3 மி.மீ.யிலேயே மாற்றிவிடுகிறேன், ஐப்பசி மழைக்கு முன்னால்.